எல்லாம் தெரிந்தவர் எழுந்து போனபின்: ஆங்கில நவீனத்துவப் புனைகதை

ஆங்கில நவீனத்துவப் புனைகதையின் கூறுகள் யாவை என்று கேட்டால், ஆங்கில இலக்கியம் படித்த எவரும் ஐந்தாறை மளமளவென்று சொல்லிவிடுவார்: நனவோடை உத்தி, கலைத்துப்போட்ட காலவரிசை, நம்பமுடியாத கதைசொல்லி, தொன்மத்தின் நிழல், முடியாமல் முடியும் கதை. தேர்வுக்கு இது போதும். ஆனால் இவை அனைத்தும் ஏன் 1890களுக்கும் 1930களுக்கும் இடைப்பட்ட அந்தச் சில பத்தாண்டுகளில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வந்தன என்பதைப் பட்டியல் விளக்குவதில்லை. தனித்தனியே எடுத்துப் பார்த்தால் இவற்றில் பல புதியவையும் அல்ல. லாரன்ஸ் ஸ்டெர்ன் 1759இல் வெளியிடத் தொடங்கிய 'டிரிஸ்ட்ரம் ஷாண்டி'யில் காலவரிசை கலைந்துதான் கிடக்கிறது; தன் வரலாற்றைச் சொல்ல வந்த நாயகன் பிறப்பதற்கே வாசகர் மூன்றாம் தொகுதிவரை காத்திருக்க வேண்டும். ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' நாயகியின் தப்புக் கணக்குகளைக் கதைசொல்லியின் குரலிலேயே ஒலிக்கவிட்டு வாசகரையும் சேர்த்து ஏமாற்றுகிறது.

இந்தக் கூறுகளையெல்லாம் ஒரே நிகழ்வின் விளைவுகளாகப் பார்க்க முடியும் என்பது இக்கட்டுரையின் வாதம். எல்லாம் தெரிந்த கதைசொல்லி தன் இருக்கையிலிருந்து எழுந்து போனார் என்பதுதான் அந்த நிகழ்வு. அவர் செய்துவந்த வேலைகளை வேறு யாராவது, வேறு ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. காலத்தை வரிசைப்படுத்துவது, மனிதர்களை எடைபோடுவது, எது முக்கியம் என்று விரல் நீட்டிக் காட்டுவது, கதையை எங்கே நிறுத்துவது என்று முடிவுசெய்வது என அவர் விட்டுப்போன பொறுப்புகள் ஏராளம்.

போனவர் எப்படிப்பட்டவர் என்பதை முதலில் பார்க்க வேண்டும். தாக்கரே 'வேனிட்டி ஃபேர்' நாவலில் (1847–48) தன்னைப் பொம்மலாட்டக்காரராகவே வைத்துக்கொள்கிறார். ஆட்டம் முடிந்ததும் பொம்மைகளைப் பெட்டிக்குள் போட்டு மூடுகிறார். ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்' (1871–72) இன்னும் நுட்பமானது. இளம் மனைவி டோரதியாவின் துயரத்தைச் சொல்லிக்கொண்டே வரும் கதைசொல்லி, ஓர் அத்தியாயத்தின் தொடக்கத்தில் சட்டென்று திரும்பி, எப்போதும் அவள் பக்கத்திலிருந்தே பார்ப்பது நியாயமா, வறண்ட கிழக் கணவருக்கும் ஒரு மனம் உண்டல்லவா என்று நம்மைக் கேட்கிறார். ஒரு மனத்திலிருந்து இன்னொரு மனத்துக்கு இப்படிக் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும் உரிமை அவருக்கு இருந்தது. வாசகரும் அதைக் கேள்வி கேட்கவில்லை. இந்தக் கதைசொல்லியை அப்பாவி என்றோ பழமைவாதி என்றோ தள்ளிவிடுவது வழக்கமாகிவிட்டது. நான் அதை ஏற்கமாட்டேன். எலியட்டின் கதைசொல்லிக்குத் தன் அறிவைப் பற்றிய ஐயங்களும் உண்டு. ஆனால் ஐயப்படும்போதும் அவர் நம் பக்கத்திலேயே நின்று, நம்மிடம் பேசிக்கொண்டிருக்கிறார்.

அவர் அப்படி நின்றதற்கு ஒரு வணிகக் காரணமும் உண்டு. விக்டோரியா கால நாவல் பெரும்பாலும் மூன்று தொகுதிகளாக, 31 ஷில்லிங் 6 பென்ஸ் விலையில் வந்தது. அந்த விலைக்கு வாங்கிப் படித்தவர்கள் குறைவு. சார்லஸ் எட்வர்ட் மூடி 1842இல் தொடங்கிய வாடகை நூலகத்தில் ஆண்டுக்கு ஒரு கினி சந்தா கட்டினால் ஒரு நேரத்தில் ஒரு தொகுதி வீட்டுக்கு வரும். மூடி வாங்காத நாவல் விற்பனையில் ஏறக்குறையச் செத்த நாவல்தான். குடும்பமாக உட்கார்ந்து உரக்கப் படிக்கத் தக்கதா என்பதே அவரது அளவுகோல். மூன்று தொகுதிகளை நிரப்பும் நீளம், வழிகாட்டும் குரல், யாரும் முகம் சுளிக்காத ஒழுக்கம் ஆகிய மூன்றும் அந்த நூலகத்தின் தேவைகளும்தான். 1894இல் மூடி நிறுவனமும் டபிள்யூ. எச். ஸ்மித் நிறுவனமும் மூன்று தொகுதி நாவல்களுக்குப் பழைய விலை தரமாட்டோம் என்று அறிவித்தன. அடுத்த சில ஆண்டுகளில் அந்த வடிவமே மறைந்துபோனது. நாவல் சுருங்கியது, விலை குறைந்தது, வாசகர்கள் பல குழுக்களாகப் பிரிந்தார்கள். எல்லாருக்கும் பொதுவான ஒரு குரலில் பேச வேண்டிய கட்டாயம் தளர்ந்தது. நவீனத்துவத்தின் பிறப்பைத் தத்துவத்தில் மட்டும் தேடுகிறவர்கள் இந்தக் கணக்குப் புத்தகத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

ஹென்றி ஜேம்ஸ் அப்போது செய்ததை விலகலின் முதல் படி எனலாம். 'வாட் மெய்ஸி நியூ' (1897) மணமுறிவு பெற்ற பெற்றோருக்கிடையே பந்தாடப்படும் ஒரு சிறுமியின் கதை. மொழி பெரியவர்களுடையது, ஜேம்ஸுக்கே உரிய சுற்றிவளைத்த மொழி. ஆனால் சிறுமி பார்க்காத எதையும் நாம் பார்க்க முடியாது. பெரியவர்களின் கள்ள உறவுகளை அவள் பார்க்கிறாள், புரிந்துகொள்வதில்லை. அவள் பார்வையின் இடுக்கு வழியாக நாம் புரிந்துகொள்கிறோம். கதைசொல்லி இன்னும் இருக்கிறார், ஆனால் தன்னைத்தானே ஒரு சிறுமியின் உயரத்துக்குக் குனித்துக்கொண்டிருக்கிறார். (இந்த நாவலை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் மணிக்கட்டு வலி காரணமாக ஜேம்ஸ் தட்டச்சாளரிடம் சொல்லி எழுதவைக்கத் தொடங்கினார். அவரது பிற்கால வாக்கியங்கள் மூச்சுவிடாமல் நீளுவதற்கு மணிக்கட்டும் ஒரு காரணம் என்று சொல்லப்படுவதுண்டு.)

ஜோசப் கான்ராட் அடுத்த படி. 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' 1899இல் எடின்பரோவின் 'பிளாக்வுட்ஸ்' இதழில், அதன் ஆயிரமாவது இதழில் தொடங்கி, மூன்று பகுதிகளாக வெளிவந்தது. தேம்ஸ் நதியில் நங்கூரமிட்ட படகில் மார்லோ என்ற மாலுமி தன் காங்கோ பயணத்தைச் சொல்கிறான். அதைக் கேட்டு நமக்குச் சொல்பவர் பெயரில்லாத இன்னொருவர். இருட்டிவிட்டதால் கேட்பவர்களுக்கு மார்லோவின் முகம்கூடத் தெரியவில்லை, குரல் மட்டும்தான். கர்ட்ஸ் என்ற மனிதனைப் பற்றி மார்லோவே பெரும்பகுதி பிறர் வாயால் கேட்டுத்தான் அறிகிறான். ஆக, செய்திக்கும் நமக்கும் நடுவே மூன்று நான்கு வாய்கள். கடைசியில் கர்ட்ஸின் காதலியிடம் மார்லோ ஒரு பொய் சொல்கிறான். பொய் சொன்னேன் என்று தோழர்களிடம் ஒப்புக்கொள்ளவும் செய்கிறான். பொய் சொல்லக்கூடியவன் என்று தெரிந்த பிறகு, அவன் சொன்ன மீதிக் கதையை என்ன செய்வது?

அந்தக் கேள்வியை அதன் எல்லைவரை கொண்டுபோனவர் கான்ராடின் நண்பரும் இணையாசிரியருமான ஃபோர்ட் மேடாக்ஸ் ஃபோர்ட். தமிழில் அவரைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம். 'தி குட் சோல்ஜர்' (1915) இந்தக் காலகட்டத்தின் மிகக் கச்சிதமான நாவல் என்று நான் நினைக்கிறேன். டாவல் என்ற அமெரிக்கர் கதை சொல்கிறார். அவரும் மனைவி ஃபிளாரன்ஸும் ஜெர்மனியின் நௌஹைம் மருத்துவக் குளியல் ஊரில் ஆஷ்பர்ன்ஹாம் என்ற ஆங்கிலத் தம்பதியுடன் பல்லாண்டு பழகுகிறார்கள். ஃபிளாரன்ஸுக்கு இதய நோய் இல்லை, அது நடிப்பு. அவளுக்கும் ஆஷ்பர்ன்ஹாமுக்கும் நெடுநாள் தொடர்பு. இது டாவலைத் தவிர எல்லாருக்கும் தெரியும். தெரிந்த பிறகு சொல்ல உட்கார்ந்தவரோ, தெரியாதபோது தான் உணர்ந்ததையும் தெரிந்தபோது உணர்ந்ததையும் மாறிமாறிச் சொல்கிறார். ஒரு சாவை ஒரு பக்கத்தில் போகிறபோக்கில் சொல்லிவிட்டு, ஐம்பது பக்கம் தாண்டித்தான் அது எப்படி நேர்ந்தது என்று வருகிறார். ஒருவரை நல்லவர் என்கிறார், அடுத்த அத்தியாயத்தில் தீர்ப்பை மாற்றுகிறார். மெல்ல மெல்ல வாசகருக்கு வேறொரு சந்தேகம் எழுகிறது. இந்த மனிதருக்கு உண்மையிலேயே தெரியாமலிருந்ததா, அல்லது தெரிந்துகொள்ளாமலிருப்பது வசதியாக இருந்ததா? நாவல் இதற்குப் பதில் சொல்லாது. பதில் சொல்லத் தகுதியுள்ள குரல் நாவலுக்குள் இல்லை. கலைந்த காலவரிசை இங்கே வெறும் அலங்காரமாக நிற்கவில்லை. ஏமாந்தவர் ஒருவர் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும்போது நிகழ்ச்சிகள் இப்படித்தான் நினைவுக்கு வரும். அதே சமயம், கதைசொல்லி தன் வேலையைச் செய்யத் தவறியதன் தடயமும் அதுவே.

இந்த இடத்தில், இம்மாற்றங்களுக்குக் காரணம் காட்ட பெர்க்சன், ஃபிராய்ட், ஐன்ஸ்டைன் என்ற மூவரையும் வரிசையாக அழைப்பது மரபு. அழைப்பதில் தவறில்லை. ஆனால் ஜேம்ஸும் கான்ராடும் மேலே சொன்ன காரியங்களைச் செய்தபோது ஃபிராய்டின் 'கனவுகளின் விளக்கம்' ஆங்கிலத்தில் வந்திருக்கவில்லை. ஐன்ஸ்டைன் எதையும் வெளியிட்டிருக்கவில்லை. உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், நாவலாசிரியரின் அண்ணன், 1890இல் மனத்தின் இயக்கத்தை ஓடும் நீராகக் கண்டார் என்பது நேரடித் தொடர்புள்ள செய்தி. 'நனவோடை' என்ற அந்தச் சொற்சேர்க்கையை 1918இல் மே சின்க்ளேர், டாரதி ரிச்சர்ட்சனின் நாவல் வரிசையைப் பற்றி எழுதும்போது இலக்கிய விமர்சனத்துக்குக் கொண்டுவந்தார். ரிச்சர்ட்சனின் 'பாயிண்டட் ரூஃப்ஸ்' 1915இல் வெளிவந்தது. மிரியம் என்ற ஒரே பெண்ணின் மனத்தைவிட்டு எங்கும் வெளியேறாமல் அவர் தொகுதி தொகுதியாக எழுதிக்கொண்டே போனார். முன்னோடி என்ற பெருமை அவருக்கு உரியது. தொடர்ந்து வாசிக்கும் பொறுமை எனக்கு வாய்த்தது சில தொகுதிகளுக்குத்தான்.

நனவோடை என்ற பெயரை எல்லாவற்றுக்கும் ஒட்டிவிடுவதால் ஒரு குழப்பம் வந்துவிட்டது. வர்ஜீனியா வுல்ஃபை நனவோடை எழுத்தாளர் என்கிறோம். 'மிஸஸ் டேலோவே'யைத் (1925) திறந்தால் அது பெரும்பாலும் படர்க்கையில், இறந்த காலத்தில் இருக்கிறது. அங்கே நடப்பது வேறு. ஒரு சிறிய உதாரணத்தை நானே செய்து காட்டுகிறேன்: கமலா தெருமுனைக்கு வந்தாள். பஸ் போய்விட்டிருந்தது. நாளைக்கு மட்டும் நேரத்துக்கு வந்துவிடுமாக்கும். முதல் இரண்டு வாக்கியங்கள் கதைசொல்லியுடையவை. மூன்றாவது யாருடையது? மேற்கோள் குறி இல்லை, 'என்று நினைத்தாள்' இல்லை. ஆனால் அந்த 'ஆக்கும்' கமலாவின் சலிப்பு. இரண்டு குரல்கள் ஒரே வாக்கியத்தில் தங்கிவிடுகின்றன. ஆஸ்டின் இதை எள்ளலுக்குப் பயன்படுத்தினார்; அவரிடத்தில் கதைசொல்லியின் புன்னகை கடைசிவரை நிற்கும். வுல்ஃப் அந்தப் புன்னகையை எடுத்துவிட்டார். அதோடு, ஒரு மனத்தில் தங்காமல் பத்தியின் நடுவிலேயே அடுத்த மனத்துக்குத் தாவினார்.

தாவுவதற்கு ஒரு பாலம் வேண்டுமே. முன்பு அந்தப் பாலம் கதைசொல்லி. வுல்ஃப் அவர் இடத்தில் வெளியுலகப் பொருள்களை வைக்கிறார். 1923ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் லண்டனில் ஒரு நாள். பிக் பென் மணி அடிக்கிறது, பலர் கேட்கிறார்கள். திரைபோட்ட ஒரு கார் பெரிய மனிதர் யாரையோ சுமந்து போகிறது; தெருவே பார்க்கிறது. வானத்தில் ஒரு விமானம் விளம்பரத்துக்காகப் புகையால் எழுதுகிறது. ஆளுக்கொரு விதமாகப் படிக்கிறார்கள், போரில் மனம் சிதைந்த செப்டிமஸுக்கோ அது தனக்கே வந்த செய்தி. ஒலியையும் புகையையும் பற்றிக்கொண்டு கதை ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் போகிறது. விருந்துக்குத் தயாராகும் கிளாரிசா டேலோவேயும் செப்டிமஸும் கடைசிவரை சந்திப்பதில்லை. அவன் தற்கொலை செய்துகொண்ட செய்தி ஒரு மருத்துவர், அவர் மனைவி ஆகியோரின் வாய்வழியாக அவள் விருந்துக்குள் வருகிறது. இவ்விருவருக்கும் என்ன உறவு என்று விக்டோரியா காலக் கதைசொல்லி ஒரு பத்தியில் சொல்லியிருப்பார். இங்கே யாரும் சொல்வதில்லை, சொல்லாததுதான் நாவல். தன் பாத்திரங்களுக்குப் பின்னால் குகைகள் தோண்டி அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் முறை பிடிபட்டுவிட்டது என்று 1923 நாட்குறிப்பில் வுல்ஃப் எழுதினார். இந்நாவலுக்கு அவர் முதலில் நினைத்திருந்த தலைப்பு 'மணிநேரங்கள்'. கடிகார நேரமும் மன நேரமும் ஒன்றோடொன்று உரசுவதே இதன் கட்டுமானம்.

'டு தி லைட்ஹவுஸ்' (1927) காலத்தோடு இன்னும் கடுமையாக விளையாடுகிறது. முதல் பகுதி ஒரு பிற்பகலும் மாலையும், நூலின் பாதிக்கு மேல். நடுப்பகுதி பத்து ஆண்டுகள், சில பக்கங்கள். ஆளில்லாத வீட்டில் தூசி படிகிறது, சால்வை அவிழ்கிறது, போர் வந்து போகிறது. அதுவரை நாவலின் மையமாயிருந்த திருமதி ராம்ஸி இறந்துபோனதை அடைப்புக்குறிக்குள் ஒரே வாக்கியத்தில் சொல்கிறார் வுல்ஃப். மகளும் மகனும் அப்படியே. எது பெரிது, எது சிறிது என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லாவிட்டால் சாவு அடைப்புக்குறிக்குள் போய்விடும், தூசி பக்கங்களை எடுத்துக்கொள்ளும். முதல் வாசிப்பில் அந்த வாக்கியத்தைக் கவனிக்காமல் தாண்டிவிட்டுப் பின்னால் திரும்பி வருபவர்கள் உண்டு. அதையும் வுல்ஃப் கணக்கிட்டிருப்பார். இதற்கு முன்பே 'ஜேக்கப்ஸ் ரூம்' (1922) நாவலில் இதே சோதனையை நாயகன்மீது நடத்தியிருந்தார். ஜேக்கப்பை நாம் பிறர் கண்களில் மட்டும் பார்க்கிறோம், முழுதாக ஒருபோதும் அறிவதில்லை. போர் அவனைக் கொண்டுபோகிறது. அவன் குடும்பப் பெயர் ஃபிளாண்டர்ஸ், பிரிட்டிஷ் படை பெருமளவில் மடிந்த போர்க்களத்தின் பெயர்.

ஜேம்ஸ் ஜாய்ஸ் எதிர்த்திசையில் போனார். வுல்ஃப் கதைசொல்லியை மெலியவைத்தார் என்றால், ஜாய்ஸ் அவரைப் பெருக்கினார். 'எ போர்ட்ரெயிட் ஆஃப் தி ஆர்ட்டிஸ்ட் அஸ் எ யங் மேன்' (1916) குழந்தையின் மழலையில் தொடங்குகிறது; நாயகன் ஸ்டீபனின் வயதோடு சேர்ந்து அதன் மொழியும் வளர்கிறது. 'யுலிஸிஸ்' நாவலின் தொடக்க அத்தியாயங்களில் உண்மையான அகமொழி உண்டு: தன்மையில், முடியாத வாக்கியங்களில். ஆனால் நாவல் போகப்போக ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு புதிய சொல்முறையை எடுத்துக்கொள்கிறது. ஒன்றில் செய்தித்தாள் தலைப்புகள் குறுக்கிடுகின்றன. ஒன்று ஆங்கில உரைநடையின் வரலாற்றை நடைநடையாகப் போலிசெய்கிறது. ஒன்று நாடகம். ஒன்று ஞானோபதேச நூல்போல் வினாவிடை. அதில் நாயகன் லியோபோல்ட் புளூம் குழாயைத் திறந்தால் தண்ணீர் டப்ளினுக்கு வரும் நீர்த்தேக்கத்திலிருந்து விவரம் தொடங்குகிறது. எல்லாம் தெரிந்தவரைக் கேலிசெய்வதற்கு அவரையே அளவுக்கு மீறிப் பேசவிடுவதைவிட வேறு நல்ல வழி இல்லை. கடைசியில் புளூமின் மனைவி மாலியின் மனம், நிறுத்தற்குறி ஏறக்குறைய இல்லாமல், எட்டு நீண்ட ஓட்டங்களாக. 1904 ஜூன் 16 என்ற ஒற்றை நாளுக்கும் ஹோமரின் ஒடிசியஸ் அலைந்த பத்தாண்டுகளுக்கும் இடையே போடப்பட்ட இணை, கதைப்பின்னல் செய்துவந்த வேலையைச் செய்கிறது. கோக்க ஒருவர் இல்லாதபோது ஒரு பழைய தொன்மம் கோக்கும்.

எல்லாரும் இந்தச் சட்டத்துக்குள் அடங்குவதில்லை. டி. எச். லாரன்ஸின் கதைசொல்லி கடைசிவரை உரக்கப் பேசிக்கொண்டேதான் இருந்தார். லாரன்ஸ் உடைத்தது பாத்திரம் என்பது நிலையான ஒரு 'நான்' என்ற எண்ணத்தை. இ. எம். ஃபார்ஸ்டர் இன்னும் வேடிக்கையானவர். 'எ பாசேஜ் டு இந்தியா' (1924) நாவலின் கதைசொல்லி எல்லாவற்றையும் பற்றிக் கருத்துச் சொல்லும் பழைய ரகம்தான். மராபர் குகையில் அடெலா என்ற ஆங்கிலப் பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்ற ஒரே இடத்தில் மட்டும் அவர் வாயை மூடிக்கொள்கிறார். வழக்கு நடக்கிறது, நகரம் கொந்தளிக்கிறது, உண்மை வெளிவருவதில்லை. எல்லாம் தெரிந்தவர் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் தெரியாது என்றால் அந்த இடம் எவ்வளவு இருட்டாகத் தெரியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

இப்படிப்பட்ட நூல்களை யார் அச்சிடுவது? 'யுலிஸிஸ்' 1918 முதல் அமெரிக்காவின் 'தி லிட்டில் ரிவியூ' சிற்றிதழில் தொடராக வந்தது. ஆபாச வழக்கில் 1921இல் இதழாசிரியர்கள் இருவருக்கும் அபராதம். நூலை 1922 பிப்ரவரி 2 அன்று பாரிஸில் ஒரு புத்தகக் கடைக்காரர், சில்வியா பீச், ஆயிரம் பிரதிகள் வெளியிட்டார். அமெரிக்க நீதிமன்றம் 1933இல்தான் தடையை நீக்கியது. லாரன்ஸின் 'தி ரெயின்போ' 1915இல் பறிமுதல் செய்யப்பட்டது. வர்ஜீனியா, லியனார்ட் வுல்ஃப் தம்பதி 1917இல் வீட்டிலேயே ஒரு கை அச்சு இயந்திரத்தை வைத்து ஹோகார்த் பிரஸ்ஸைத் தொடங்கினார்கள். 'ஜேக்கப்ஸ் ரூம்' தொடங்கி வர்ஜீனியாவின் நாவல்கள் சொந்தப் பதிப்பகத்திலேயே வந்தன. தான் விரும்பியதை எழுதும் சுதந்திரமுள்ள ஒரே பெண் இங்கிலாந்தில் தான்தான் என்று அவர் குறித்துவைத்ததில் மிகை குறைவு. ஜாய்ஸுக்கு ஹேரியட் ஷா வீவர் என்ற புரவலர் இருந்தார். கதைசொல்லியின் விலகலுக்குச் செலவு ஆனது. அதை யாரோ கொடுத்தார்கள்.

விலகலுக்கு அறச் சிக்கலும் உண்டு. நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1975இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் கான்ராடை இனவெறியர் என்று வெளிப்படையாகச் சொன்னார். அது மார்லோவின் பார்வை, கான்ராடுடையது அல்ல என்று ஆதரவாளர்கள் பதில் சொன்னார்கள். அச்செபே அதை எதிர்பார்த்தே வந்திருந்தார். மார்லோவின் பார்வையை நாம் வேறொன்றோடு ஒப்பிட்டு அளக்கக்கூடிய ஓர் இடத்தைக் கான்ராட் நாவலுக்குள் வைக்கவில்லையே என்பதுதான் அவரது குற்றச்சாட்டு. என் கணிப்பில் இது கான்ராடைவிடப் பெரிய கேள்வி. கதைசொல்லி எழுந்துபோனாலும், யாருக்கு மனம் உண்டு, யாருக்குக் கைகால்கள் மட்டும் என்று பங்கிடுகிறவர் ஆசிரியர்தான். காங்கோவின் மனிதர்களுக்கு அந்நாவலில் கிடைத்த வாக்கியங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. டேலோவே வீட்டுப் பணிப்பெண்ணுக்கு ஓரிரு பத்திகள் உண்டு, அவ்வளவுதான்.

இந்தப் பங்கீட்டைக் குலைக்க முயன்றவர்களில் ஒருவர் லண்டனில் படித்து, ஹோகார்த் பிரஸ்ஸில் மெய்ப்புத் திருத்தும் வேலையும் பார்த்த முல்க் ராஜ் ஆனந்த். அவருடைய 'அண்டச்சபிள்' பத்தொன்பது பதிப்பாளர்கள் மறுத்தபின் 1935இல் வெளிவந்தது. துப்புரவுத் தொழிலாளி பாக்காவின் ஒரே நாள். ஜாய்ஸிடமிருந்து எடுத்த சட்டகம். ஆனால் கதைசொல்லியை ஆனந்தால் முழுதாக அனுப்பிவைக்க முடியவில்லை. தீண்டாமை என்றால் என்ன, கிணற்றில் அவர்கள் ஏன் இறைக்கக்கூடாது என்பதையெல்லாம் ஆங்கில வாசகருக்கு விளக்க ஒருவர் வேண்டியிருந்தது. பாக்காவுக்குத் தெரிந்திராத சொற்களில் பாக்காவின் மனத்தைச் சொல்லவும் ஒருவர் வேண்டியிருந்தது. விமர்சகர்கள் இதைக் குறை என்றார்கள். வுல்ஃபின் வாசகருக்கு பிக் பென்னை விளக்க வேண்டியதில்லை என்பதை அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. நாவலுக்கு முன்னுரை எழுதிய ஃபார்ஸ்டரோ, இதை ஓர் இந்தியர்தான், அதுவும் வெளியிலிருந்து பார்க்கும் ஓர் இந்தியர்தான் எழுதியிருக்க முடியும், தீண்டாமைக்கு ஆளானவரே எழுதியிருந்தால் கோபமும் சுயஇரக்கமும் குறுக்கே வந்திருக்கும் என்று கருதினார். அந்தக் கணிப்பு தவறு என்பதற்குத் தமிழ் வாசகர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தலித் எழுத்தாளர் பாமா தன் வாழ்வைத் தானே எழுதிய 'கருக்கு' 1992இல் வெளிவந்தது.